எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரில் வேஷம் போட்ட வைரஸைப் பிடிக்கும் வழி

வலங்கைமானில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஐப்பசி கடைசியில் சம்பாப் பயிர்க் காப்பீடு பதியும் நாட்களில், அடங்கலும் சிட்டாவும் ஆதாரும் பாஸ்புக்கும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி ஆட்கள் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்கார அக்கா போன் செய்தார். "தம்பி, நீ வந்து உக்காந்தா சிஸ்டம் ஒழுங்கா ஓடுது. நீ பஸ் ஏறுனதும் படுத்துக்குது. ஒரு பி.டி.எஃப். திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது. நாலு மணியிலேருந்து நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மூன்றாவது முறை போனபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை நான் முதலில் திறப்பேன். உள்ளே ஒளிந்திருந்தது அதற்காகத்தான் காத்திருந்தது. டாஸ்க் மேனேஜர் திறந்ததும் கையைக் கட்டிக்கொள்ளும். மூடியதும் வேலையை ஆரம்பித்துவிடும். நான் இருக்கும் வரை சிஸ்டம் பறந்ததற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்துக் கிராமங்களில் அறிமுகமில்லாத ஒருவர் தெருவில் நடந்து வந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் பேரை முதலில் கேட்பதில்லை. "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். பேரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஊரையும் வீட்டையும் மாற்றிச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். வேஷம் போட்ட வைரஸைப் பிடிக்கவும் இந்த இரண்டு கேள்விதான் வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சிஸ்டம் காட்டுவது எதுவோ அதிலிருந்து படிக்கத் தொடங்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எந்நேரமும் மெதுவாகவே இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் வைரஸ் காரணமாக இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் போட்ட கம்ப்யூட்டரில் அது 100 சதவீதத்திலேயே நின்றால் டிஸ்க்தான் திணறுகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். 'காஷன்' என்று மஞ்சளில் வந்தால், அன்றைக்கே முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான, சுழலாத டிஸ்க்கை வாங்குங்கள்.

ராம் 4 ஜி.பி.தான் என்றால், பிரௌசரில் பத்துப் பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும். அப்புறம் தூசி. அறுவடை சமயத்தில் சாலையோரக் கடைகளுக்குள் புகும் தூசும் பதரும் ஃபேன் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ்ஷால் சரியாகிற விஷயத்துக்கு ஓ.எஸ். மாற்றிக் காசு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

சும்மா இருந்தால் ஃபேன் இரைகிறது, தொட்டால் அடங்குகிறது

அக்கா கடையில் நடந்தது இதுதான். உங்கள் பிராசஸரை வைத்து வேறொருவர் கிரிப்டோ காசு தோண்டுகிறார். பெரும்பாலும் மொனேரோ என்ற காசு. 2019 நவம்பரிலிருந்து அது சாதாரணப் பிராசஸரில் தோண்டுவதற்கு ஏற்ற கணக்குமுறைக்கு மாறிவிட்டதால், விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கடைக் கம்ப்யூட்டர்கூட அவர்களுக்கு லாபம்தான். கரண்ட் பில் உங்களுடையது, காசு அவர்களுடையது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது விண்டோஸும் தன் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கும். அதன் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் வைரஸ் தேடும், கோப்புகளுக்கு அட்டவணை எழுதும், அப்டேட் இறக்கும். நீங்கள் மவுஸைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் ஒருநாள் ஃபேன் இரைந்ததைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தினமும், மணிக்கணக்காக, அப்டேட் எதுவும் இல்லாதபோதும் இரைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டாஸ்க் மேனேஜர் திறந்த முதல் ஓரிரு விநாடி சி.பி.யு. எகிறி இறங்குவதும் இயல்பு. அது டாஸ்க் மேனேஜரே கணக்கெடுக்கும் வேலை.

சோதனை இப்படி. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து நிமிஷம் கையெடுத்துவிடுங்கள். காற்று வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக அடிக்கிறதா? இப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மூடாமல் அப்படியே விட்டுவிட்டு மறுபடி பத்து நிமிஷம். கை வைத்த இடம் குளிர்ந்து, மூடியதும் திரும்பச் சுட்டால் அது உங்களைப் பார்த்து ஒளிகிறது. அடுத்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் டி.சி.பி. கனெக்‌ஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். பிரௌசர் மூடியிருக்கும்போதும் விடாமல் வெளியே பேசிக்கொண்டிருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வைரஸ்கள் ரிசோர்ஸ் மானிட்டரைக் கண்டாலும் ஒளியும். அப்படியானால் தேட வேண்டிய இடம் வேறு; 'அழித்தேன், திரும்ப வந்துவிட்டது' என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரே பெயரில் ஐம்பது நிற்கின்றன, எது போலி?

எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்ற பெயரைப் பார்த்துத்தான் அதிகம் பேர் பதறுகிறார்கள். அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை. பின்னணிச் சேவைகளைச் சுமந்து நடத்துவது அதன் வேலை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜி.பி.க்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்கு ஆளுக்கொரு எஸ்.வி.சி.ஹோஸ்ட் தனியாக ஓடுகிறது. அதனால் ஐம்பது அறுபது இருப்பதில் தவறில்லை. இந்தக் கூட்டத்தை நம்பித்தான் போலியும் அதே பெயரில் உள்ளே நுழைகிறது.

முதலில் எழுத்தைக் கூட்டிப் படியுங்கள். எஸ், வி, சி, எச் என்று போக வேண்டிய இடத்தில் எஸ், சி, வி என்று இடம் மாறியிருக்கும். ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருக்கும். எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ். என்ற இன்னொரு விண்டோஸ் நிரலின் பெயரில் சின்ன எல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஐ நிற்கும்; திரையில் இரண்டும் ஒரே கோடுதான்.

எழுத்து சரி என்றால், எந்த ஊர் என்று கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து செலக்ட் காலம்ஸ் கொடுங்கள். இமேஜ் பாத் நேம், கமாண்ட் லைன் இரண்டுக்கும் டிக் போடுங்கள். எஸ்.வி.சி.ஹோஸ்ட், எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ்., சர்வீசஸ், வின்லாகன் ஆகியவற்றின் ஊர் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம் 32. எக்ஸ்புளோரரின் ஊர் விண்டோஸ் ஃபோல்டரேதான். இந்தப் பெயர்களில் ஒன்று ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம் டேட்டா, பப்ளிக் போன்ற இடங்களிலிருந்து ஓடினால் அது போலி. அக்காவின் கம்ப்யூட்டரில் அது ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற ஃபோல்டரில், மைக்ரோசாஃப்ட் பெயர் வைத்த இன்னொரு ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது. ஐகான்கூட அசலைப் போலவே இருந்தது.

ஊரும் சரியாகவே இருக்கலாம். கெட்டிக்கார வைரஸ் அசல் எஸ்.வி.சி.ஹோஸ்டையே எழுப்பி, அதன் உள்ளுடலைச் சுரண்டி எடுத்துவிட்டு, தான் உள்ளே புகுந்துகொள்ளும். அப்போதுதான் இரண்டாவது கேள்வி: யார் வீட்டுப் பிள்ளை? மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிராசஸ் எக்ஸ்புளோரர் இருக்கிறது. மார்க் ருசினோவிச் எழுதியது, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இன்றும் இலவசம். அது எந்த நிரல் எதைப் பெற்றது என்று குடும்ப மரமாகக் காட்டும். அசல் எஸ்.வி.சி.ஹோஸ்ட் எப்போதும் சர்வீசஸ் என்ற பெற்றோருக்குக் கீழேதான் இருக்கும். அதன் கமாண்ட் லைனில் ஒரு சிறு கோடும் கே என்ற எழுத்தும், பின்னால் ஒரு குழுவின் பெயரும் இருக்கும். அந்தக் கே இல்லாமலோ, எக்ஸ்புளோரருக்குக் கீழேயோ, தாய் தகப்பன் இல்லாமல் தனியாகவோ ஒன்று நின்றால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம். (எக்ஸ்புளோரர், வின்லாகன், வின்இனிட், சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ். போன்றவை தனியாக நிற்பதில் தவறில்லை. அவற்றைப் பெற்றது வேலை முடிந்து போய்விடுவதால் அவை தனியாகத்தான் நிற்கும்.)

பிராசஸ் எக்ஸ்புளோரரின் ஆப்ஷன்ஸ் மெனுவில் வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ் கொடுத்தால், எது மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டது என்பதும் தெரிந்துவிடும். அதே மெனுவில் வைரஸ் டோட்டல் சோதனையும் உண்டு. கோப்பின் கைரேகையை மட்டும் அனுப்பி, எழுபதுக்கு அருகில் ஆன்ட்டிவைரஸ்களின் கருத்தைக் கேட்டு வரும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் பொறுமையாக விசாரியுங்கள். முப்பது நாற்பது சொன்னால் முடிவு எடுத்துவிடலாம். ஆனால் வாடிக்கையாளரின் ஆதார், பட்டா போன்ற ஆவணங்களை அந்தத் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஏற்றியதை மற்றவர்களும் பார்க்க வழியுண்டு.

பிடிபட்டதை உடனே கில் செய்ய வேண்டாம். சில வைரஸ்கள் இரண்டு நிரல்களாக ஓடும்; இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காவல் காப்பார்கள். ஒருவன் செத்தால் மற்றவன் எழுப்பிவிடுவான். ரைட் கிளிக் செய்து இரண்டையும் சஸ்பெண்ட் கொடுத்து உறைய வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக முடியுங்கள். சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ்., வின்இனிட் போன்ற அசல்களில் கை வைத்தால் நீலத்திரை வந்துவிடும், கவனம்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன

ஜெராக்ஸ் கடைகளின் தீராத நோய் இது. காலேஜ் பிள்ளை புராஜெக்ட் பிரின்ட் எடுக்கக் கொடுக்கும் பென்டிரைவில் வந்து, கடையில் ஒட்டிக்கொண்டு, மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகியதுமே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7-இல் அந்த வழி அடைபட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் மூலம் அடைத்தார்கள். அதனால் இப்போது உங்கள் கையாலேயே கிளிக் செய்ய வைக்கிறது. உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதை அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கிளிக் செய்யாமலே கண்டுபிடிக்கலாம். வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் காட்சிக்கு மாற்றி டைப், சைஸ் பத்திகளைப் பாருங்கள். அசல் ஃபோல்டருக்கு எதிரே 'ஃபைல் ஃபோல்டர்' என்று இருக்கும், சைஸ் வெறுமையாக இருக்கும். ஃபோல்டர் படம் போட்டிருந்தும் 'ஷார்ட்கட்' என்றோ 'அப்ளிகேஷன்' என்றோ இருந்து, ஐந்தாறு ஃபோல்டருக்கும் ஒரே அளவு கே.பி. காட்டினால் அவை ஃபோல்டரே இல்லை. ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் படியுங்கள். ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சி.எம்.டி. என்றோ டபிள்யூஸ்கிரிப்ட் என்றோ தொடங்கினால் அதுதான் ஆள். வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை நிரந்தரமாக டிக் செய்து வையுங்கள். 'பில் டாட் பி.டி.எஃப். டாட் எக்ஸ்.இ.' போன்ற இரட்டை வால் அப்போதுதான் கண்ணில் படும்.

கோப்புகள் போய்விட்டதே என்று அழ வேண்டாம். பெரும்பாலும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். மங்கலான நிறத்தில் அசல் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தத்தையும் அடைத்திருக்கும். அதற்குள் போய் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் சுத்தமான இடத்துக்கு காப்பி செய்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மட் அடியுங்கள். முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யாமல் பென்டிரைவை ஃபார்மட் அடித்தால், எடுத்துச் செருகும் முன்னே மறுபடி தொற்றிக்கொள்ளும்.

டிஃபெண்டர் 'ஒன்றுமில்லை' என்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். இது 'இங்கெல்லாம் தேட வேண்டாம்' என்ற பட்டியல். நீங்களே எதையும் சேர்த்திருக்காவிட்டால் அது காலியாக இருக்க வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டரில் சி டிரைவ் முழுவதுமே அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டுக் காவல்காரரிடம் வீட்டையே பார்க்காதே என்று சொல்லி வைத்த மாதிரி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவதற்காக யாரோ ஒரு மென்பொருளின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 'ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டுக் கருவிகளிலும் இதே கதைதான். தமிழ் டைப்பிங் மென்பொருளைக் கண்ட தளத்தில் தேடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

பட்டியலில் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு, டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும்; வேஷக்காரன் மேக்கப் போடுவதற்குள் பிடித்துவிடலாம். கால் மணி நேரம் போல ஆகும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கும்.

ஆன்ட்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால், சிஸ்டம் 32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை நோட்பேடில் பாருங்கள். ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தால் அந்த வரிகளை அழித்துவிடலாம்.

பிரௌசர் ஓரத்தில் 'வைரஸ் தாக்கியது' என்று குதிக்கிறது

இது பெரும்பாலும் வெறும் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளத்தில் 'அலௌ' அழுத்தியிருப்பீர்கள். பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள். நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்துவிடுங்கள். அதில் வரும் போன் எண்ணுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் பேசாதீர்கள்.

அழித்தேன், ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிட்டது

கோரைப்புல்லை மேலே அறுத்த கதை. கிழங்கு உள்ளே இருக்கிறது. வைரஸ் தன்னை எழுப்பிவிட ஓர் ஆளை வைத்திருக்கும். அந்த ஆள் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கலாம், ஸ்டார்ட்அப்பில், ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில், சர்வீஸ் பட்டியலில் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது போய்விடும். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலேயே உள்ள ஆட்டோரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் ஹைடு மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் கொடுத்தால் பட்டியல் சின்னதாகிவிடும். இளஞ்சிவப்பு வரி என்றால் கையெழுத்து இல்லாத கோப்பு, மஞ்சள் என்றால் கோப்பே இல்லை. இளஞ்சிவப்பு எல்லாம் குற்றவாளி இல்லை. நம்மூரில் ஓடும் பல சின்னப் பில்லிங் மென்பொருள்களுக்குக் கையெழுத்து கிடையாது. ஆப்டேட்டாவையோ டெம்பையோ நோக்கிப் போகும் வரியையும், கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் கருவியான பவர்ஷெல்லுக்கு நீளமான புரியாத எழுத்துக் குவியலை ஊட்டும் வரியையும் முதலில் விசாரியுங்கள்.

அழிக்க அவசரப்படாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அக்காவின் கம்ப்யூட்டரில் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை இருந்தது. பெயர் விண்டோஸ் அப்டேட்டைப் போல. விவரத்தில் நல்ல ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழும்படி குறித்திருந்தது. அசல் அப்டேட்டுக்கு ஆப்டேட்டாவில் என்ன வேலை? அங்கேயும் ஊர்தான் காட்டிக்கொடுத்தது. டிக்கை எடுத்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து விண்டோஸ் அடிப்படை நிரல்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் போய் அந்த ஃபோல்டரை அழித்தேன்.

எப்போது ஃபார்மட் அடிக்க வேண்டும்?

தோண்டும் வைரஸ் தனியாக வருவது குறைவு. அதைக் கொண்டுவந்த கிராக் பாஸ்வேர்டு திருடும் நிரலையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம். வீட்டில் பாட்டு கேட்கும் கம்ப்யூட்டர் என்றால் சுத்தம் செய்ததோடு விடலாம். ஊர்க்காரர்களின் ஆதாரும் பட்டாவும் பாஸ்புக்கும் ஸ்கேன் செய்த, பாங்க் லாகின் போட்ட கம்ப்யூட்டர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். அந்தக் காகிதங்களை நம் கையில் நம்பிக் கொடுத்தவர்களில் பலருக்கு வருஷ வரும்படியே அந்தக் கணக்கில்தான் வரும். அக்காவிடம் சொன்னேன். "ஒரு நாள் கடையை மூடணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவரே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ஆவணங்கள், படங்கள், பில்லிங் டேட்டா மட்டும் பேக்கப் எடுங்கள், எக்ஸ்.இ. கோப்புகளும் பழைய கிராக் ஃபோல்டரும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இன்ஸ்டால் பென்டிரைவை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் தயார் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் 11 போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றி, எல்லா இடத்திலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். திருடிய லாகின் அப்போதுதான் செத்துப்போகும். கணக்கில் பணம் போயிருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியலாம்.

புது விண்டோஸில் அக்கா தினசரி வேலை செய்ய ஒரு சாதாரணக் கணக்கும், இன்ஸ்டால் செய்ய மட்டும் ஓர் அட்மின் கணக்கும் தனித்தனியாக வைத்தேன். பழைய பென்டிரைவ்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றையும் செருகியதும் இடப்பக்கப் பட்டியலில் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்து, டைப் பத்தியைப் பார்த்து, அப்புறம்தான் திறந்தோம். நான்கில் ஷார்ட்கட் இருந்தது.